மலையிடம் எங்கே என்று கேட்டவள்

மலை புறப்பட்டது ஓர் ஆடி வெள்ளிக்கிழமை, அதுவும் மேற்குப் பார்த்து. வெள்ளிக்கிழமை மேற்கே சூலம், அந்தத் திசையில் பயணம் ஆகாது என்பது சாம்பக்குறிச்சியில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். யுகயுகமாக அந்த ஊருக்கு மேற்கே உட்கார்ந்து ஊர் பேசுவதையெல்லாம் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்த மலைக்கு அது தெரியாமல் போயிற்றே என்பதுதான் ஊருக்கு முதல் வருத்தம். மலை எப்படி நடக்கும், அதற்குக் கால் எங்கே இருக்கிறது, யார் அதைக் கிளப்பிவிட்டது என்றெல்லாம் ஒருவரும் மண்டையைக் குடைந்துகொள்ளவில்லை. பல் விளக்க வாசலுக்கு வந்தவர்கள், ஊருக்கும் மலைக்கும் நடுவில் நேற்று இல்லாத ஒரு செம்மண் வெளி பாய் விரித்தாற்போல் கிடப்பதைப் பார்த்தார்கள், வாயிலிருந்த நுரையைத் துப்பினார்கள், "இதுக்கு ஒரு நாள் பொறுத்து நாளைக்குப் போனா ஆகாதாக்கும், சனிக்கிழமைன்னா மேக்க நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார்கள்.

மேற்கே சூலம் இருக்கும் நாளில் போயே தீர வேண்டுமென்றால் வாயில் துளி வெல்லம் போட்டுக்கொண்டு கிளம்பினால் தோஷம் இல்லை என்பார்கள். டீக்கடை குத்தாலிங்கம் நல்ல மனுஷன், மலைக்கு அந்தப் பரிகாரமாவது செய்து அனுப்புவோம் என்று ஒரு அச்சுவெல்லத்தைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு மொபெட்டில் அடிவாரத்துக்குப் போனார். அடிவாரம் அங்கே இல்லை. கூடக் கொஞ்ச தூரம் போய்ப் பார்த்தார், அங்கேயும் இல்லை. அப்புறம் வெயில் ஏறிவிட்டது, கடையில் பால் பொங்குமே என்ற நினைப்பு வந்துவிட்டது, வெல்லத்தைத் திரும்பக் கொண்டுவந்து சாயங்கால டீயில் போட்டு ஊருக்கே ஊற்றிவிட்டார்.

மலை ஒன்றும் தலைதெறிக்க ஓடவில்லை. நிறைமாதக்காரி கிணற்றடிக்குப் போவதுபோல் காலையில் கொஞ்சம் நகரும், உச்சி வெயிலில் நின்று இளைப்பாறும், நிழல் சாய்ந்ததும் மறுபடி நகரும். அது நகர்ந்த அளவுக்கு ஊரில் பகல் நீண்டது. மலைக்குப் பின்னால் சீக்கிரமே போய் விழுந்துகொண்டிருந்த சூரியன் இப்போது எங்கே விழுவது என்று தெரியாமல் வெகுநேரம் ஆகாயத்திலேயே நிற்க, கோழிகள் அடைய மாட்டாமல் தெருவில் அலைந்தன, டியூஷன் வாத்தியார்கள் கூடுதல் நேரம் பாடம் நடத்திப் பிள்ளைகளின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டார்கள். கேரளாவுக்கு லாரி ஓட்டுகிறவர்கள் மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளெல்லாம் இழுத்துவிட்ட நாடாவைப் போல நிமிர்ந்துவிட்டன, வண்டி ஓட்டத் தூக்கம் தூக்கமாக வருகிறது என்று குறைப்பட்டார்கள். மனை புரோக்கர்கள் செம்மண் வெளியில் கல் நட்டு 'மலைப்பார்வை நகர்' என்று போர்டு வைத்தார்கள். பதினைந்து நாளில் அங்கிருந்து மலை சரியாகத் தெரியாமல் போகவே, சுண்ணாம்பு அடித்து 'திறந்தவெளி நகர்' என்று மாற்றினார்கள். மலையடி மாடசாமியை மலை கூப்பிடாமலே போய்விட்டது. அவர் பொட்டல் நடுவில் அரிவாளும் கையுமாகத் தனியே நின்றார், பூசாரி அவருக்கு ஒரு தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தார். ஆடிச் சாரல் மட்டும் மலையோடு போய்விட்டது, அதற்காகச் சிலர் நிஜமாகவே அழுதார்கள்.

கடல் வந்தால் மலை என்ன செய்யும் என்று டீக்கடையில் ஒரு நாள் பேச்சு வந்தது. "என்ன செய்யும், எறங்கிக் குளிக்கும்" என்றார் குத்தாலிங்கம். எல்லாரும் சிரித்தார்கள். எதிர்த்த கடையிலிருந்து பலவேசம் அதைக் கேட்டுக்கொண்டு நின்றதை அப்புறம்தான் கவனித்தார்கள், சிரிப்பை அப்படியே விழுங்கிக்கொண்டு ஆளாளுக்கு எழுந்து போனார்கள்.

எதிர்த்த கடை உதயம் ஸ்டுடியோ. பலவேசம் அதன் முதலாளி, கேமராமேன், கடை கூட்டுகிறவர் எல்லாம். கல்யாண வீடுகளில் அவர் படம் எடுக்கும்போது அவர் மனைவி பிரம்மசக்திதான் விளக்குப் பிடிப்பாள். மணப்பெண் முகத்தில் நிழல் விழாமல் பிடிப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. அவர்களுக்கு ஒரே பெண், ஆவுடை. படித்து முடித்துவிட்டு அவளும் கேமராவைத் தூக்கிக்கொண்டு கல்யாணங்களுக்குப் போனாள், நன்றாகவே எடுத்தாள், ஆனால் அவளுக்கு அது சலித்துவிட்டது. "எப்பா, மூஞ்சியா எடுத்து எடுத்து எனக்கு ஓஞ்சு போச்சு. சிரிங்க, சிரிங்கன்னு யாரையும் கெஞ்சாம ஒரு நாளாவது படம் எடுக்கணும்" என்பாள். ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, ஸ்டுடியோவில் ஈ ஓட்டுகிற மாதம். மலை கிளம்புவதற்கு இரண்டு வருஷத்துக்கு முந்தி, அந்த மாதத்தில் மூன்று பேரும் ஆம்னி வேனை எடுத்துக்கொண்டு மேற்குமலையைச் சுற்றிவந்து மலையை மட்டும், மனுஷர் ஒருவர்கூட இல்லாமல், படம் பிடிப்பது என்று திட்டம் போட்டார்கள்.

திட்டம் போட்டது பெரும்பாலும் ஆவுடைதான். ஸ்டுடியோச் சுவரில் ஒரு பெரிய வரைபடத்தை ஒட்டிவைத்து, கல்யாணத்தில் மாலைக்குக் குத்தும் குண்டூசிகளை அதில் குத்திவைத்தாள். நம் பக்கத்து மலைமுகத்தில் காலை வெயில்தான் விழும், சாயங்காலம் கறுத்துவிடும். மலையாளப் பக்கத்து முகத்துக்குச் சாயங்காலம்தான் வெளிச்சம். ஆகவே காலைகளில் இந்தப் பக்கமாக வடக்கே போவது, சிவகிரி, ராஜபாளையம், கம்பம் என்று ஏறி மலையைத் தாண்டுவது, சாயங்காலங்களில் அந்தப் பக்கமாகத் தெற்கே இறங்கி வருவது. எந்தப் பாறையில் எந்நேரம் நிற்பது, எந்த வளைவில் வண்டியை ஓரம் கட்டுவது, எங்கே நல்ல டீ கிடைக்கும் என்பதெல்லாம் பேசிப் பேசி, மூன்று பேரும் போகாமலே பாதிப் பயணம் போய்வந்திருந்தார்கள். பிரம்மசக்திக்குக் கட்டுச்சோறு என்ன கொண்டுபோவது என்பதுதான் பெரிய கவலை.

புறப்பட நாலைந்து நாள் இருக்கும்போது, முதல் இடத்தின் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஆவுடை விடியற்காலையில் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரை எடுத்தாள். அவள் முதல் இடம் என்று எதை வைத்திருந்தாளோ, அதை வாரத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொண்டிருந்தாள். பிரம்மசக்தி குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு நிமிர்ந்து, "தூரமா, ஏட்டீ?" என்று கேட்டாள்.

"தூரந்தாம்மா" என்று சொல்லிவிட்டு அவள் போனாள்.

புறப்படுகிறவரை எங்கே என்று கேட்கக்கூடாது. கேட்டால் போகிற காரியம் கெட்டுவிடும். யாராவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் கிளம்பியவர் திரும்பி வந்து உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். அதனால் முறை தெரிந்தவர்கள் தூரமா என்றுதான் கேட்பார்கள். சாம்பக்குறிச்சியில் முறை தெரியாதவர்களே இல்லை. பால்காரர் எதிரே வந்தார், தூரமா என்றார். குத்தாலிங்கம் கடையைத் திறந்துகொண்டிருந்தார், "தூரமா தாயி" என்றார். பெட்ரோல் பங்கில் கேட்டார்கள். அவளோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த உலகம்மாள், அடுத்த வீட்டுக்காரி, தலையை மாடியிலிருந்து நீட்டிக்கொண்டு கேட்டாள். எல்லாரிடமும் அவள் ஆமாம், தூரம்தான் என்று சிரித்துக்கொண்டே சொன்னாள், அதற்குமேல் ஒருத்தரும் கேட்கவில்லை. அவள் அன்றைக்குத் திரும்பவில்லை, மறுநாளும் திரும்பவில்லை. ஸ்கூட்டர் மட்டும் மலைப்பாதை செக்போஸ்டுக்கு அருகே, பூட்டி, உருண்டுவிடாமல் சக்கரத்துக்குக் கல் கொடுத்து நின்றுகொண்டிருந்தது. அங்கிருந்து காட்டுக்குள் போகும் தடங்கள் கை விரல்களைப் போலப் பிரிந்து போயின.

விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். "இத்தன பேரு பாத்திருக்கீங்க. எங்க போறேன்னு ஒரு ஆளுகூடவா கேக்கல?"

"பொறப்படுற புள்ளைய எப்படி சார் எங்கன்னு கேக்கது?" என்றார் பால்காரர்.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டார். அவர் வீட்டிலும் அப்படித்தான்.

காட்டிலாகா ஆட்கள் தேடினார்கள், ஊர் இளவட்டங்கள் தேடினார்கள், பலவேசம் செருப்புத் தேயத் தேடினார். ஒரு தடத்தில் தேடும்போதெல்லாம் அவள் இன்னொரு தடத்தில் இருப்பாளோ என்று மனசு அடித்துக்கொள்ளும், அங்கே ஓடினால் விட்டுவந்த தடம் கூப்பிடும். எவனோடோ மலையாளத்துக்கு ஓடிவிட்டாள் என்று சொன்னவர்களும் உண்டு. நாக்குக்கு நரம்பா இருக்கிறது. மழை பிடித்துக்கொண்டது, தேடினவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்துவிட்டார்கள். அதன்பிறகு இரண்டு ஆடி போயிற்று. அந்த இரண்டு வருஷமும் பலவேசமும் பிரம்மசக்தியும் ஒவ்வொரு சாயங்காலமும் ஸ்டுடியோ ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சுவரோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, பயணத்துக்குத் திட்டம் போட்டார்கள். ஆவுடை குத்திய ஊசிகளை எடுக்கவில்லை, புதிதாகக் குத்தினார்கள். இந்த இடத்தில் அவளுக்குக் குளிரும், போர்வை வேண்டும் என்பாள் பிரம்மசக்தி. இங்கே பனி விலகப் பொழுதாகும், அவள் அவசரப்படுவாள் என்பார் பலவேசம். போவதாக மட்டும் இல்லை. ஊரும் அதற்குப் பழகிவிட்டது, கடைத்தெருவில் பார்த்தால் "என்ன அண்ணாச்சி, டிரிப்பு எப்பம்?" என்று கேட்பார்கள், "வார ஆடிக்கி" என்பார் அவர், எல்லாரும் தலையாட்டிக்கொள்வார்கள்.

மலை நகர ஆரம்பித்த பிறகு சுவரிலிருந்த ஊசிகள் எல்லாம் பொய்யாகிப்போயின.

"பிரமு, இனிமேயும் நாம திட்டம் போட்டுக்கிட்டே இருந்தா மலை கடலுக்குள்ள போயிரும்" என்றார் பலவேசம்.

"போவட்டும்."

"என்னளா பேசுத?"

"போயி, நாம தேடி, அவ இல்லன்னு ஆயிட்டா? இப்பம் அவ அங்க இருக்கா. நாம போகாதவரைக்கும் அங்கன இருக்கா. பொறவு எங்க வச்சு அவள நெனைக்கது, சொல்லுங்க" என்றாள் அவள், சொல்லச் சொல்ல முகம் கோணிக்கொண்டு வந்தது. வயிற்றில் சுமந்தவளுக்கு அப்படித்தான் கணக்கு ஓடும், அதைத் தப்பென்று சொல்ல யாருக்கும் வாய் வராது.

பலவேசம் சுவரிலிருந்த வரைபடத்தைப் பார்த்தார். "அவ இருக்க எடமே எந்திருச்சுப் போகுதேளா" என்றார்.

மறுநாள் வேனைக் கழுவினார்கள். ஆவுடையின் சுடிதார் இரண்டு, போர்வை, காலுக்குச் செருப்பு, புளியோதரை, ஊறுகாய், கேமரா, முக்காலி எல்லாம் ஏறின. ஊரே தெருவில் கூடி நின்று வழியனுப்பியது, தூரமா என்று கேட்டது, தூரம்தான் என்று அவர்களும் சொன்னார்கள். உலகம்மாள் கைப்பிள்ளையோடு வேன் ஓரமாக வந்து நின்றாள். அவளுக்குக் கல்யாணமாகிப் பிள்ளையும் பிறந்துவிட்டிருந்தது. அந்தக் கல்யாணத்துக்குப் பலவேசம்தான் படம் எடுத்தார். அவள் பிரம்மசக்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச தூரம் வேனோடு நடந்தாள், வேன் வேகம் எடுத்ததும் விட்டுவிட்டாள்.

அவர்கள் போட்டு வைத்திருந்த பயணத்தில் ஓர் இடமும் இருந்த இடத்தில் இல்லை. காலை வெளிச்சத்துக்கென்று குறித்துவைத்த பாறைக்குப் பதிலாகச் சப்பையான மண்ணும் அதில் வெளிறிப்போன புல்லும் கிடந்தன, பானையைத் தூக்கிய இடத்தில் அடிக்கும் ஈரவாடை அடித்தது. ஓரம் கட்ட வேண்டிய வளைவு நேர்ரோடாக இருந்தது. நல்ல டீ கிடைக்கும் என்ற கடைக்காரர் கடையை வண்டியில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் பின்னாலேயே போய்விட்டாராம். பலவேசம் ஒவ்வோர் இடத்திலும் வண்டியை நிறுத்தி, இறங்கி, முக்காலி வைத்து, ஒன்றுமில்லாத வெளியை ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் ஏறினார். எதற்கு என்று பிரம்மசக்தி கேட்கவில்லை. திட்டத்தில் அப்படித்தான் இருந்தது.

மலையை எட்டிப் பிடித்தபோது அது மாலை நடையில் இருந்தது. கிட்டப்போய்ப் பார்த்தால், தேக்கும் தோதகத்தியும் வேரோடு ஆடிக்கொண்டு, அருவிகள் பக்கவாட்டில் சிந்திக்கொண்டு, குரங்குகள் குட்டிகளை வயிற்றில் இடுக்கிக்கொண்டு, மலை முழுக்க ஒரு கல்யாண பஸ்ஸைப் போலக் குலுங்கிக்கொண்டு போனது. நகரும் மலையில் ஏற முடியவில்லை. பலவேசம் ஒரு வேரைப் பிடித்தார், அது அவரைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்ப் புழுதியில் போட்டது. எழுந்து ஓடினார், மறுபடி பிடித்தார், மறுபடி போட்டது. ஐம்பத்தைந்து வயது மனுஷன், முழங்கையெல்லாம் ரத்தம்.

பிரம்மசக்தி வேனை விட்டு இறங்கினாள். சேலையை இழுத்துச் செருகினாள். தன் பெண்ணைக் கேட்காத கேள்வியை, சாம்பக்குறிச்சியில் பிறந்து வளர்ந்த ஒருத்தி ஜென்மத்துக்கும் கேட்கத் துணியாத கேள்வியை, தொண்டை கிழியக் கேட்டாள்.

"ஏ மலையே! எங்க போறே?"

மலை நின்றது.

எத்தனை பெரிய மலையானாலும் முறை முறைதானே. மூட்டுவலிக்காரர் பெஞ்சில் உட்காருவதுபோல் முதலில் ஒரு பக்கம் சாய்ந்து, முனகி, அப்புறம் மறுபக்கத்தையும் இறக்கி, மலை தரையில் உட்கார்ந்தது. உட்கார்ந்து தண்ணீர் குடித்தது. கிழக்கே ஓடிக்கொண்டிருந்த ஆறு திரும்பிக்கொண்டு மேட்டைப் பார்த்து ஓடிவந்தது, அணை வற்றியது, சாம்பக்குறிச்சிக் குளம் கண்ணெதிரே காலியாகிச் சேற்றில் மீன்கள் துள்ளின. ஊரில் அன்றைக்கு எல்லா வீட்டிலும் மீன். இருக்கிற தண்ணீரை மிச்சம் பிடிக்கக் குழம்பு வைக்காமல் பொரித்துத் தின்றார்கள்.

"நீங்க ஏறுங்க" என்றாள் பிரம்மசக்தி. "அது எந்திரிச்சா நான் மறுபடி கேப்பேன். நீங்க எறங்கி வார வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பேன்."

பலவேசம் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டார். போர்வையையும் செருப்பையும் கட்டித் தலையில் வைத்துக்கொண்டார். "முதல் எடத்துலருந்து வரிசையாப் பாத்துட்டு வந்திருதேன்" என்று சொல்லிவிட்டு ஏறினார். ஆவுடை, ஆவுடை என்று அவர் கூப்பிடுகிற சத்தம் கீழே கேட்டுக்கொண்டே இருந்தது, பிறகு மெலிந்தது, பிறகு எந்தப் பக்கம் என்றே தெரியவில்லை.

மறுநாள் பறவைகளெல்லாம் ஒன்றாகக் கிளம்பி மலைக்கு மேல் வட்டமடித்தன. மலை எழுந்திருக்கப்போகிறது என்று பிரம்மசக்திக்குத் தெரிந்தது. எங்கே போகிறாய் என்று கேட்டாள். அது உட்கார்ந்தது, குடித்தது. இந்தத் தடவை கிணறுகள் போயின, போர்வெல் குழாய்கள் காற்றைத் துப்பின, இளநீரைச் சீவினால் உள்ளே ஒன்றுமில்லை. அதற்கு அடுத்த தடவை அவள் கேட்டபோது வீட்டுக்குள் மூடிவைத்திருந்த குடங்கள் வற்றின, பசுக்கள் மடி சுருங்கின, பிள்ளை பெற்றவர்களுக்குப் பால் நின்றது. வேனில் இருந்த கேனும் காலி. பிரம்மசக்திக்கு நாக்கு மரக்கட்டையாகிவிட்டது, புழுதியில் வேனின் நிழலில் உட்கார்ந்துகொண்டு, பறவைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பலவேசம் இறங்கவில்லை.

ஊர் வந்தது. லோடு ஆட்டோவிலும் டிராக்டரிலும் மினிபஸ்ஸிலும் காலிக் குடங்களோடு வந்து இறங்கி, அவளைச் சுற்றி நின்றது. கையில் கம்பு கிடையாது, யாரும் ஏசவும் இல்லை. ஏசியிருந்தால் அவளுக்கு வசதியாக இருந்திருக்கும், பதிலுக்கு ஏசிவிட்டு மறுபடி கேட்டிருப்பாள்.

குத்தாலிங்கம்தான் பேசினார். "மைனி, கேக்காதியன்னு சொல்ல எங்களுக்கு வாயில்ல. கேளுங்கன்னு சொல்லவும் முடியல. புள்ளைக அழுதா கண்ணுல தண்ணி வரமாட்டங்கு."

"அவரு மேல இருக்காரு அண்ணாச்சி."

"தெரியும் மைனி."

"அவளும் இருக்கா."

உலகம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, தன் பிள்ளையைப் பிரம்மசக்தியின் மடியில் கிடத்திவிட்டு, பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள். பிள்ளை அழுகிற மாதிரி வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. உச்சிக்குழி உள்வாங்கிக் கிடந்தது. அது பழக்கதோஷத்தில் பிரம்மசக்தியின் மார்புப் பக்கம் திரும்பி, சேலையை வாயால் தேடிற்று. அவள் அதைத் தடுக்கவில்லை. தேடிவிட்டு, களைத்துப்போய், அவள் கையிலேயே தலையைச் சாய்த்துக்கொண்டது.

சாயங்காலம் பறவைகள் கிளம்பின.

கூட்டம் முழுக்க அவள் வாயைப் பார்த்தது. மலை ஒரு பக்கமாக நிமிர்ந்தது, கற்கள் உருண்டன. அவள் வாயைத் திறந்தாள். எங்கே என்பதன் முதல் எழுத்து அவள் உதட்டில் வந்து நின்றதை எல்லாரும் பார்த்தார்கள். இத்தனை பெரிய உலகத்தில் அவளுக்கென்று இருந்த இரண்டு பேரும் அந்த மலையில் இருந்தார்கள், அவளிடம் அவர்களை நிறுத்தி வைக்க ஒரு கேள்வி இருந்தது, அதைக் கேட்க அவளுக்கு எல்லா உரிமையும் இருந்தது. பிள்ளை அவள் கையில் கனமே இல்லாமல் கிடந்தது.

"போயிட்டு வா" என்றாள் பிரம்மசக்தி.

மலைக்குச் சொன்னாளோ, அவருக்கும் மகளுக்கும் சேர்த்துச் சொன்னாளோ. மலை எழுந்தது. இத்தனை தண்ணீரைக் குடித்த தெம்பில், முன்னைக் காட்டிலும் பெரிய எட்டாக வைத்து, திரும்பிப் பார்க்காமல், கடலிருக்கும் பக்கம் நடந்தது. அது உட்கார்ந்திருந்த பள்ளத்தில் உடனே தண்ணீர் கசிந்தது. முதலில் மண் கறுத்தது, அப்புறம் மினுங்கியது, அப்புறம் கையால் அள்ளுகிற அளவுக்கு ஊறியது. கூட்டம் குடங்களோடு பள்ளத்தில் விழுந்தது. அழுகையும் சிரிப்புமாக ஒருவர்மேல் ஒருவர் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டார்கள். உலகம்மாள் பிள்ளையை வாங்கி, அதன் வாயைச் சேலை நுனியால் நனைத்து, பக்கத்தில் நின்ற ஒருத்தியிடம் கொடுத்துவிட்டு, ஒரு செம்பு நிறையவும் குடம் நிறையவும் மொண்டுகொண்டு பிரம்மசக்தியிடம் வந்தாள்.

வேண்டாம் என்று சொல்லத்தான் பிரம்மசக்தி வாயெடுத்தாள். உடம்பு கேட்கவில்லை. செம்பை வாங்கி, அண்ணாந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, உதட்டில் படாமல் ஊற்றி மடக்மடக்கென்று குடித்தாள். தண்ணீர் தித்தித்தது. அது தித்தித்ததை அவளால் பொறுக்க முடியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை, கழுத்தெல்லாம் வழிய வழியக் குடித்தாள்.

அப்போது தூரத்தில், இருட்டு ஏறிக்கொண்டிருந்த மலை முதுகில், பளிச்சென்று ஒரு வெளிச்சம் அடித்தது. தங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அந்த வெளிச்சத்துக்குக் கண் கூசி நின்றவர்கள்தான் அந்தக் கூட்டம் முழுவதும். அது கேமரா ஃப்ளாஷ் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. மலையை எடுக்க யாரும் ஃப்ளாஷ் போட மாட்டார்கள். அது அணையுமுன்னே அதற்குக் கொஞ்சம் மேலே, கைக்கெட்டும் தூரத்தில், இன்னொன்று அடித்தது. மறுபடியும் இரண்டும் ஒன்றாக அடித்தன. பலவேசம் கொண்டுபோனது ஒரு கேமரா.

பள்ளத்தில் சிரிப்புச் சத்தம் நின்றுவிட்டது. குத்தாலிங்கம் கையை மலைப் பக்கம் நீட்டினார், நீட்டிய கையால் தன் வாயையே பொத்திக்கொண்டார். பிள்ளையை வைத்திருந்தவள் அதை இறுக்கிக்கொண்டாள்.

செம்பு காலியாயிற்று. பிரம்மசக்தி மூடிய கண்ணோடு அதைக் கீழே இறக்கப் போனாள். உலகம்மாள் ஓர் எட்டு வைத்து மலைக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். ஒரு கையால் அவள் மோவாயைத் தாங்கி, மறு கையால் குடத்தைச் சரித்தாள்.

"இன்னுங் கொஞ்சம் குடிங்க அத்தை" என்றாள்.